கணக்கருக்குக் கை வரையத் தெரியாது!

'யார்கிட்டயும் போய்க் கத்துக்கலையாம் சார். தானாவே வருதாம். கடவுள் கொடுத்த வரம்!'

ஓவியர் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், நம் ஊரில் இந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். சொல்பவர் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொல்கிறார். எனக்கோ கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஒரு மனுஷன் இருபது வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, வரைந்து, கிழித்து, மறுபடி வரைந்து கற்றதை எல்லாம் மொத்தமாகக் கடவுள் கணக்கில் வரவு வைத்துவிட்டு, 'நீ அதிர்ஷ்டக்காரன்பா' என்று முதுகில் தட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் பாராட்டா? அடுத்தவன் உழைப்பை வேறு பெயரில் பதிவு செய்வதை எங்கள் கணக்குப் பாடத்தில் மோசடி என்பார்கள்.

இரண்டாவதாக ஒரு கோஷ்டி இருக்கிறது. 'முறையாப் படிக்கலை இல்லையா, அதான் கை கால் எல்லாம் ஒரு மாதிரி இருக்கு' என்பார்கள். இவர்களுக்கு ஓவியம் என்றால் கல்லூரி, கல்லூரி என்றால் சான்றிதழ். அது இல்லாதவர் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் 'பரவாயில்லையே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இவர்கள் வாயிலிருந்து வராது.

மூன்றாவது கோஷ்டி தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள். 'வேலையைத் தூக்கி எறி! கனவைத் துரத்து! உலகம் உன் காலடியில்!' என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். கைதட்டலையும் கவரையும் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வேலையைத் தூக்கி எறிந்தவன் அடுத்த மாசம் வீட்டு வாடகைக்கு என்ன செய்தான் என்பதை எந்த மேடையிலும் சொல்வதில்லை.

இந்த மூன்று கோஷ்டிக்கும் ஒரே ஒரு ஆளை வைத்து என்னால் பதில் சொல்ல முடியும். அவர் பெயர் பூபேன் கக்கர். குஜராத்திக்காரர். படித்தது பி.காம்., அப்புறம் சி.ஏ. ஆமாம், ஆடிட்டர்தான். ஓவியத்தில் பட்டம் வாங்காதவர். நவீன இந்திய ஓவியர்களில் முக்கியமானவர்கள் என்று பத்துப் பேரைப் பட்டியல் போட்டால் இவரை விட்டுவிட்டுப் போட முடியாது. நானும் பி.காம். என்பதால் இவர் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் பாலன்ஸ் ஷீட்டைத் தவிர வேறு எதையும் அழகாக வரைந்தவர்கள் குறைவு.

1934-ல் பம்பாயில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் இவர். அப்படிப்பட்ட வீட்டில் பையனை என்ன படிக்க வைப்பார்கள்? உங்கள் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடந்தது. வீட்டார் வற்புறுத்த பி.காம்., அதன்மேல் சி.ஏ. பிறகு லெட்ஜர், வவுச்சர், ஆடிட். ஓய்வு நேரத்தில் மட்டும் படம்.

1958-ல் குலாம் முகம்மது ஷேக் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். ஷேக் கவிஞர், ஓவியர். 'பரோடாவுக்கு வந்துவிடு, அங்கே நல்ல நுண்கலைக் கல்லூரி இருக்கிறது' என்று ஊக்கப்படுத்துகிறார். பூபேன் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நாலு வருஷம் கழித்து, 1962-ல்தான் பரோடா போனார். அப்போது வயசு 28. நம் ஊர்க் கணக்கில் கல்யாணமாகி, குழந்தைக்கு எல்.கே.ஜி. சீட்டுக்கு அலைய ஆரம்பிக்கிற வயசு.

சரி, போய் என்ன படிப்பில் சேர்ந்தார்? ஓவியத்தில் இல்லை. கலை விமர்சனத்தில்!

'தானாகவே வந்தது' கோஷ்டி இந்த இடத்தைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். தானாகக் கற்றவர் என்றால் தனியாகக் கற்றவர் என்று அர்த்தம் இல்லை. பூபேனுக்கு வாத்தியார் கையைப் பிடித்து ஓவியம் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் நண்பர்கள் இருந்தார்கள், நூலகம் இருந்தது, ராத்திரி முழுக்க நடக்கும் சண்டை இருந்தது. அடுத்தவர் எழுதிய கணக்கை வரிவரியாகப் பார்த்து, எங்கே சரி, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆடிட்டர் வேலை. பூபேன் முதலில் அதைத்தான் செய்தார். மற்றவர்கள் வரைந்த படங்களை ஆடிட் செய்தார்.

யாருடைய படங்கள்? பிரான்சின் ஹென்றி ரூசோ ஒருவர். ('சமூக ஒப்பந்தம்' எழுதிய ரூசோ வேறு, இவர் வேறு.) இந்த ரூசோ, பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் சாவடியில் குமாஸ்தாவாக இருந்தவர். நாற்பது வயசு வாக்கில்தான் தீவிரமாக வரைய வந்தார். காட்டையே பார்க்காமல், தாவரவியல் பூங்காவில் நின்று பார்த்துவிட்டுக் காடு காடாக வரைந்தார். பாரிஸே சிரித்தது. அதே ரூசோவுக்கு 1908-ல் பிகாசோ தன் ஸ்டூடியோவில் விருந்து வைத்தார். அப்புறம், கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக நம் ஊர் ஓவியர்கள் வரைந்து கொடுத்த 'கம்பெனி பாணி' படங்கள். நம் தஞ்சாவூரிலும் அப்படி வரைந்திருக்கிறார்கள். பாதி மேல்நாட்டு முறை, பாதி நம் முறை, இரண்டும் ஒட்டாமல் ஒரு விறைப்பு. அப்புறம் இத்தாலியில் சியனா நகரத்து 14-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள். கடைசியாக, கடைத்தெருவில் விற்கும் சாமி படங்கள்!

எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் 'முறைப்படி' இல்லாதவை என்று பின்னால் வந்தவர்கள் கேலி செய்தவை. பூபேன் தனக்கு வாத்தியாராக யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்த்தீர்களா? கல்லூரியில் சேர்ந்தால் வாத்தியாரை நமக்கு ஒதுக்குவார்கள். தானாகக் கற்பவருக்கு அந்த வசதி இல்லை. தேடி அலைந்து, தனக்கு ஏற்ற ஆளைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு வரம் போதாது சார், முதுகெலும்பு வேண்டும்.

1960-களின் நடுவில் அவர் காட்சிக்கு வைத்த முதல் படங்கள், வரைந்தவை என்பதைவிட ஒட்டியவை என்றே சொல்லலாம். கடைத்தெரு சாமி படங்களை வெட்டிப் பலகையில் ஒட்டி, அதன்மேல் பெயின்ட் அடித்து, சுவரில் கிறுக்குவதுபோல் கிறுக்கினார். படித்தவர்கள் தங்கள் வரவேற்பறையில் காலண்டர் சாமியை மாட்டக் கூச்சப்பட்டு, பூஜை அறைக்குள் ஒளித்து வைத்த காலம் அது. 'இதெல்லாம் ஒரு கலையா' என்று அவர்கள் ஒதுக்கியதைத் தூக்கிக்கொண்டு வந்து கேலரி சுவரில் மாட்டினார் இந்த ஆடிட்டர். கை இன்னும் தூரிகைக்குப் பழகவில்லை. கண் நன்றாகப் பழகியிருந்தது.

பிறகு மெல்ல வரையத் துணிந்தார். 1969-ல் 'ரெசிடென்ஸி பங்களா', 1970-ல் 'புலியும் மானும்'. கம்பெனி பாணியின் அந்த விறைப்பைத் தனக்காக எடுத்துக்கொண்டார்.

1972-ல் வெடித்தது பாருங்கள், அதுதான் பூபேன்! 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்', 'டீலக்ஸ் டெய்லர்ஸ்', 'தொழிற்சாலை வேலைநிறுத்தம்', 'உதவிக் கணக்கர் திரு. ஐ.எம்.படேல்'. அடுத்த வருஷம் 'முடிதிருத்தும் கடை'. தலைப்புகளைப் படியுங்கள். கடைத்தெருவில் நடந்து போகும்போது போர்டு படிப்பது போலவே இல்லை? வாட்ச் ரிப்பேர்காரரும் தையல்காரரும் அக்கவுன்ட்ஸ் குமாஸ்தாவும் அதுவரை இந்திய ஓவியத்தில் யாருடைய கணக்கிலும் வராதவர்கள். கிராமத்துப் பெண்ணை வரைந்தார்கள், மாட்டை வரைந்தார்கள், ராஜாவை வரைந்தார்கள். எட்டணா வாங்கிக்கொண்டு நம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துத் தந்த மனுஷனை உட்கார வைத்து எண்ணெய் வண்ணத்தில் யார் வரைந்தது?

இப்போது இரண்டாவது கோஷ்டி எழுந்து நிற்கும். 'அந்தப் படங்களில் ஆட்கள் மரக்கட்டை மாதிரி இருக்கிறார்களே, கை சரியாக மடங்கவில்லையே, உடற்கூறு தப்பாச்சே!'

சரிதான். கணக்கருக்குக் கை வரையத் தெரியாது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பையன் அவரைவிட ஒழுங்காகக் கை வரைவான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிற மனுஷன், மரக்கட்டை மாதிரி உட்காராமல் வேறு எப்படி உட்காருவான்? வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தன்னை ஒருவர் உற்றுப் பார்த்துப் படம் எழுதுகிறார் என்றால், அவன் விறைப்பாக நிற்காமல் ஒய்யாரமாகச் சாய்ந்தா நிற்பான்? நம் தாத்தா பாட்டி ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோக்களைப் பாருங்கள். பக்கத்தில் பூ ஜாடி, முகத்தில் மிரட்சி, கை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பு. பூபேன் வரைந்தது அந்தத் தவிப்பைத்தான். கச்சிதமாகக் கை வரையத் தெரிந்த ஒருவர் அதே வாட்ச் கடைக்காரரை வரைந்திருந்தால், படம் அழகாக இருந்திருக்கும். அந்த ஆள் இருந்திருக்க மாட்டார்.

'அப்படின்னா எதையுமே கத்துக்க வேண்டாம்னு சொல்றீங்களா?' என்று மடக்காதீர்கள். தெரியாததெல்லாம் கலை என்றால் தெருவுக்கு நாற்பது பிகாசோ இருப்பார்கள். 1962-ல் பரோடா போனவருக்கு இந்தக் கடைக்காரர்கள் கிடைத்தது 1972-ல். பத்து வருஷம்! நிறத்தைக் கற்றார். ஒரு பச்சையைப் பக்கத்தில் வைத்தால் ஒரு சிவப்பு என்ன ஆகும் என்று கற்றார். கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் ஸ்டாக் எடுப்பது போலக் கணக்கெடுக்கக் கற்றார். எந்தக் குறையைத் திருத்த வேண்டும், எந்தக் குறையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிக்கக் கற்றார். கடைசியில் சொன்னது இருக்கிறதே, அதைச் சொல்லித்தர எந்தக் கல்லூரியிலும் பீரியட் கிடையாது.

இப்போது மூன்றாவது கோஷ்டிக்கு வருவோம், 'வேலையைத் தூக்கி எறி' ஆசாமிகளுக்கு.

பூபேன் வேலையைத் தூக்கி எறியவில்லை. பரோடா போன பிறகும் பல வருஷங்கள் ஒரு தொழிற்சாலையில் பகுதி நேரக் கணக்கராக உட்கார்ந்து கணக்கு எழுதினார். பாதி நாள் லெட்ஜர், மீதி நாள் கான்வாஸ். கேட்க சுவாரஸ்யமாக இல்லை, மேடையில் சொன்னால் கைதட்டு விழாது. ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். படம் விற்றால்தான் அரிசி என்ற நிலையில் இருந்திருந்தால், அந்த மனுஷன் 1972-ல் வாட்ச் ரிப்பேர்காரரை வரைந்திருப்பாரா? வாங்குகிறவர் வீட்டு சோபாவுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று யோசித்திருப்பார். நாலு பேருக்குப் பிடிக்கிற மாதிரி நாலு குதிரை, நாலு தாமரை வரைந்திருப்பார். அந்தச் சின்னச் சம்பளம் அவருக்கு வாங்கித் தந்தது அரிசி பருப்பை மட்டும் இல்லை. யாருக்கும் பிடிக்காத படத்தை வரைகிற உரிமையையும்தான்.

ஆகவே, இதைப் படிக்கிற குமாஸ்தா நண்பர்களே, பேங்க்கில், ஆபீஸில், கடையில் உட்கார்ந்துகொண்டு 'வேலை மட்டும் இல்லேன்னா நான் எங்கேயோ போயிருப்பேன்' என்று பெருமூச்சு விடுகிறவர்களே, அந்தச் சாக்கு செல்லாது. வேலை இருப்பதால் வரைய முடியவில்லை என்பது பாதி உண்மை. வேலை இருப்பதால் பயமில்லாமல் வரையலாம் என்பது மீதிப் பாதி.

கடைக்காரர் படங்களால் பூபேனுக்குப் பெயர் வந்துவிட்டது. இதுதான் ஆபத்தான இடம். கஷ்டப்பட்டு ஒரு பாணியைக் கண்டுபிடித்தவர்களில் பாதிப் பேர் அதற்குள்ளேயே குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு சரக்கு ஓடுகிறதா, அதையே உற்பத்தி பண்ணு! வியாபாரத்தில் அது புத்திசாலித்தனம். பூபேன் மட்டும் அதைச் செய்திருந்தால், ஊருக்கு ஒரு முடிதிருத்தும் கடை வரைந்து நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அவரிடம் சொல்லப்படாத விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. அவர் ஆண்களைக் காதலித்தவர். அதை வெளியே சொல்ல முடியாத வீடு, சொல்ல முடியாத ஊர், சொன்னால் குற்றம் என்கிற சட்டம். 1979-ல் இங்கிலாந்து போய், நண்பரான ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் வீட்டில் தங்கி, ஓவியக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். ஒளிந்து வாழாத மனிதர்களை அங்கே பார்த்தார். திரும்பி வந்து, 1981-ல் ஒரு பெரிய படம் வரைந்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது'.

கதை உங்களுக்குத் தெரியும். அப்பா, பிள்ளை, கழுதை. அப்பா ஏறினால் ஊர் திட்டும், பிள்ளை ஏறினாலும் திட்டும், இரண்டு பேரும் ஏறினாலும் திட்டும், ஏறாமல் நடந்தால் சிரிக்கும். அந்தக் கதை பூபேனின் படத்தில் தூரத்தில் நடக்கிறது. முன்னால், பால்கனியில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடம்பில் துணியே இல்லாத ஒரு ஆள் நின்று அதை வேடிக்கை பார்க்கிறார். அது பூபேனேதான். ஊருக்காகக் கழுதையைச் சுமந்தது போதும் என்று முடிவு பண்ணிய ஆள். படம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சொத்து.

அடுத்த வருஷம், 1982-ல், 'பனாரஸில் இருவர்'. இரண்டு ஆண்கள் நிர்வாணமாகக் கட்டித் தழுவி நிற்கிறார்கள். சுற்றிலும் காசி நகரம் தன் பாட்டுக்குப் பூஜையும் பிரார்த்தனையுமாக இயங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் நாட்டில் 377-வது பிரிவு உயிரோடு இருந்தது. அதன்படி பத்து வருஷம் வரை, அல்லது ஆயுள் தண்டனை.

'சார், குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகையில் இந்தப் படத்தைப் பற்றியெல்லாம் எழுதணுமா? அந்த வாட்ச் கடையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?' என்று சிலர் கடிதம் எழுதுவீர்கள். இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. வாட்ச் கடையை வரைந்த கையும் இதை வரைந்த கையும் ஒன்று. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதனை உற்றுப் பார்ப்பது என்ற ஒரே வேலையைத்தான் அது இரண்டு இடத்திலும் செய்தது. 1972-ல் அது வாட்ச் ரிப்பேர்காரர். 1982-ல் அது அவரே. லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நஷ்டத்தை மறைத்தால் அது பொய்க் கணக்கு. பிடித்த படத்தை வைத்துக்கொண்டு பிடிக்காத படத்தை மறைப்பதும் அதே கணக்குதான்.

பாணி மாறியது ஏன் என்பது இதிலேயே இருக்கிறது. சட்டை மாற்றுவதுபோல் அவர் பாணியை மாற்றவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் மாறியது, பழைய சட்டத்துக்குள் அது அடங்கவில்லை. ஒரு கடை, ஒரு ஆள், நேர்ப்பார்வை என்ற அமைப்பில் தனி மனிதனின் வேலையைச் சொல்லலாம். ஊருக்கும் தனக்கும் உள்ள தகராறைச் சொல்ல ஊரையே வரைய வேண்டும். அப்போது சியனா ஓவியர்கள் கை கொடுத்தார்கள். ஒரே பலகையில் பல இடம், பல நேரம், பல கதை. இருபது வருஷத்துக்கு முன் ஆடிட் செய்து வைத்தது வீண்போகவில்லை.

1987-ல் 'யயாதி'. மகாபாரதத்தில் மகனிடம் இளமையைக் கடன் வாங்கிய அதே யயாதிதான். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், வயசையும் ஆசையையும் பற்றிச் சொல்ல இதிகாசத்திடம் போகிறார். 1990-களில் நீர் வண்ணம். விறைப்பெல்லாம் கரைந்து, உடம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து ஓட ஆரம்பித்தன. 1994-ல் ஒரு படம். தலைப்பு, 'என் காதலை உன்னிடம் சொல்ல எனக்கு எத்தனை கைகள் வேண்டும்?' நம் சாமிகளுக்கு இருப்பதுபோல் அதில் மனித உடம்புக்குக் கைகள் பெருகிக்கொண்டே போகும்.

யோசித்துப் பாருங்கள். 1960-களில் பலகையில் வெட்டி ஒட்டிய காலண்டர் சாமியின் கைகள், முப்பது வருஷம் கழித்து, ஒரு மனிதனின் காதலைச் சொல்லத் திரும்பி வருகின்றன. இதை எங்கள் பாஷையில் 'கேரி ஃபார்வர்ட்' என்பார்கள். பக்கம் முடிந்தால் தொகை அழிவதில்லை, அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காரும். பாணி வளர்வது என்றால் இதுதான். கை வரையத் தெரியாது என்று கேலிக்கு ஆளான ஆள், ஒன்றுக்குப் பதில் ஒன்பது கை வரைந்தார்! அதில் எந்தக் கை உடற்கூறுப்படி சரி என்று இப்போது போய் அளந்து பாருங்கள்.

கடைசி வருஷங்களில் புற்றுநோய். அப்போதும் வரைந்தார், இன்னும் கோரமாக, இன்னும் நேராக. 2001-ல் வரைந்த ஒரு படத்தின் பெயரே 'வயிற்றில் பாய்ந்த குண்டு'. வலியை அலங்காரம் பண்ணாமல் வரைவதற்கும் அவருக்குத் துணிச்சல் இருந்தது. 2003 ஆகஸ்ட்டில் பரோடாவில் காலமானார். 1984-லேயே பத்மஸ்ரீ கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தை மட்டும் குறை சொன்னதாக இருக்க வேண்டாம்.

2016-ல் லண்டன் டேட் மாடர்னில் அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி. அதைப் பார்த்துவிட்டு 'கார்டியன்' பத்திரிகையின் கலை விமர்சகர் கிழி கிழி என்று கிழித்தார். இவ்வளவு பெரிய இடத்தில் வைக்கத் தகுதியான ஓவியரே இல்லை என்கிற தோரணை. இரண்டாவது கோஷ்டிக்கு லண்டனிலும் கிளை இருக்கிறது என்று அன்றுதான் உறுதியானது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. ஒன்பது மாசம் கழித்து, 2019 ஜூனில், லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் 'பனாரஸில் இருவர்' 25 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் பணத்தில் சுமார் 22 கோடி!

உடனே நாலாவதாக ஒரு கோஷ்டி முளைக்கும். 'அட, 22 கோடியா! அப்ப பெரிய ஆள்தான்!' இவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மற்ற மூன்று கோஷ்டியும் பரவாயில்லை என்று தோன்றுகிறது. படம் 1982-ல் எப்படி இருந்ததோ அப்படியேதான் 2019-லும் இருந்தது. அதில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது விலை. விலையைப் பார்த்து மரியாதை கொடுப்பவர் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை. வரைந்தவர் செத்துப் பதினாறு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் விழுந்த சுத்தியல் அது. அவருக்கு அதில் வரவும் இல்லை, செலவும் இல்லை.

இதெல்லாம் பரோடாவில், லண்டனில் நடந்த கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓவியத்தைப் பார்த்தால் நாம் சொல்லும் உச்சக்கட்டப் பாராட்டு என்ன? 'அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!' போட்டோ மாதிரி வேண்டும் என்றால் போட்டோவே எடுத்துவிடலாமே? கேமரா வந்து 180 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்குக் கம்ப்யூட்டரிடம் இரண்டு வரி சொன்னால் சில நொடிகளில் அச்சு அசலாகப் படம் போட்டுத் தருகிறது. ஐந்து விரலும் ஒழுங்காக! இதற்குப் பிறகும் ஒரு மனிதன் வரைந்ததை 'போட்டோ மாதிரி' என்ற அளவுகோலை வைத்து அளப்பது, தங்கத்தை லிட்டரில் அளப்பது போல.

அந்த அளவுகோல் அடிக்கும் அடி யார் மேல் விழுகிறது தெரியுமா? உங்கள் வீட்டு எட்டு வயசுக் குழந்தை மேல். 'கை ஏன் இப்படி இருக்கு? அழிச்சுட்டு ஒழுங்கா போடு' என்று நாலு முறை சொன்னால், ஐந்தாவது முறை அது பென்சிலையே எடுக்காது. நாற்பது வயசு அண்ணன் மேல் விழுகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆசையாக நோட்டை எடுத்தால், 'இந்த வயசுல இது எதுக்கு? நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க' என்று வீட்டிலேயே முதல் சிரிப்புக் கிளம்பும்.

யார் சார் அந்த நாலு பேர்? அந்தக் கழுதைக் கதையில் வழிநெடுக நின்று குறை சொல்கிறார்களே, அவர்கள்தான். அவர்களுக்குக் கழுதை மேல் அக்கறை இல்லை. அப்பா மேலும் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. சும்மா நிற்கிறார்கள், ஏதாவது சொல்கிறார்கள். நாமும் பாதி நேரம் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறோம்.

எனவே தானாக வரையக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து 'வரம்' என்று சொல்லாதீர்கள். 'போட்டோ மாதிரி' என்று சொல்லாதீர்கள். 'எவ்வளவுக்குப் போகும்' என்று கேட்கவே கேட்காதீர்கள். 'போன வருஷம் வரைந்ததைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அதையும் இதையும் பக்கத்தில் வைத்து, பொறுமையாகப் பத்து நிமிஷம் பாருங்கள். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். ஆடிட் என்றால் அதுதான். அதற்கு சி.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை.